நொண்டுகிற ஆட்டின் குளம்பில் கத்தி வைக்கும் முன்

ஆடு வளர்க்க இறங்குகிறவர்களுக்குத் தரைக்கு மேலே பலகைப் பரண் போடுவது, அடர்தீவனம் கலப்பது, குடற்புழு நீக்கம், ஆட்டுக்கொல்லித் தடுப்பூசி என்று எல்லாவற்றையும் விரிவாகச் சொல்லித் தருகிறார்கள். குளம்பு மட்டும் "அவ்வப்போது வெட்டிவிடவும்" என்ற ஒரு வரியோடு முடிந்துவிடும். அந்த ஒரு வரியை நம்பிப் பரணில் ஆடு வளர்ப்பவர்கள் ஒரு வடகிழக்குப் பருவமழையில் என்ன பாடுபட நேரும் என்பதை எங்கள் பட்டியில் முழுதாகப் பார்த்துவிட்டோம். ராத்திரி மழையில் டார்ச் அடித்து ஆட்டுக் காலைப் பிடித்துக்கொண்டு நின்ற நேரத்தில், விவரம் கேட்க ஒரு ஆள் இல்லையே என்று அழுகையே வந்தது. மழைக்கு முன்பே யாராவது இதையெல்லாம் சொல்லியிருக்கக் கூடாதா என்ற ஆதங்கத்தில்தான் எழுதுகிறேன்.

புரட்டாசிக் கடைசியில் சந்தையிலிருந்து ஒரு தலைச்சேரி இனக் கிடா வந்தது. நல்ல நடை, நொண்டல் எதுவும் கிடையாது. ஐப்பசி மழை பிடித்ததும் பரணுக்குக் கீழேயும் முன்வாசலிலும் சேறு நின்றது. முதலில் ஒரு பெட்டை முன்னங்காலைத் தூக்கித் தூக்கி வைத்தது. அடுத்து இரண்டு குட்டிகள். பிறகு தீவனத் தொட்டிக்கு முன்னால் ஆடுகள் முன்னங்கால் முட்டியை மடித்து மண்டியிட்டபடி தின்ன ஆரம்பித்தன. பட்டியில் ஒரு ஆடு மண்டியிட்டுத் தின்பதைப் பார்த்தால் அன்றைக்கே குளம்பைப் பார்த்துவிட வேண்டும். "மழைக்கு வர்றதுதானுங்க, வெயில் அடிச்சா ஆறிடும்" என்றுதான் கேட்டவர்கள் எல்லாம் சொன்னார்கள். சாதாரணச் சேற்றுப்புண் அப்படி ஆறத்தான் செய்யும். எங்களுக்கு வந்தது குளம்பு அழுகல் நோய். அது வெயிலுக்காகக் காத்திருக்காது.

இரண்டுக்கும் வித்தியாசம் இதுதான். சேற்றுப்புண் என்றால் இரண்டு குளம்புகளுக்கும் நடுவிலுள்ள இடுக்கில் தோல் சிவந்து, ஈரமாகி, மேலே வெள்ளையாகப் படிந்திருக்கும். குளம்பின் கொம்புப் பகுதிக்கு, அதாவது வெளியிலுள்ள கடினமான ஓட்டுக்கு, ஒன்றும் ஆகியிருக்காது, நாற்றமும் பெரிதாக இருக்காது. ஆட்டுச் சாணத்தில் எப்போதும் இருக்கிற ஃபூசோபாக்டீரியம் என்ற கிருமி, ஈரத்தில் ஊறிப் புண்ணான தோலில் புகுவதால் வருவது அது. குளம்பு அழுகலில் டைக்கெலோபாக்டர் நோடோசஸ் என்ற இன்னொரு கிருமியும் சேர்ந்துகொள்கிறது. கொம்பையும் அதன் அடியிலுள்ள உயிர்ச்சதையையும் ஒட்டவைத்திருக்கும் பகுதியை அது அரித்துவிடும். இடுக்கில் தொடங்கிக் குதிகால் பக்கமாக உள்ளங்குளம்புக்கு அடியில் போய், பிறகு வெளிச்சுவர் வரை பிரித்துக்கொண்டு போகும். ஓரத்தை லேசாகத் தூக்கினால் உள்ளே சாம்பல் நிறத்தில் பசை மாதிரி ஒன்று இருக்கும். அதன் நாற்றம் ஒருமுறை மூக்கில் ஏறிவிட்டால் மறக்காது. கை கழுவி, சோப்புப் போட்டு, சாப்பிட உட்கார்ந்தாலும் விரலில் வரும்.

இந்த டைக்கெலோபாக்டர் கிருமியைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டிய முக்கியமான விஷயம், அது வாழ்வது குளம்புக்குள்தான். வெளியில் மண்ணில், சேற்றில் கிடந்தால் சுமார் இரண்டு வாரத்துக்குள் செத்துவிடும். ஆனால் வெட்டிப் போட்ட குளம்புத் துண்டுகளுக்குள் அதைவிட நீண்ட நாள் உயிரோடு இருக்கும். எனவே இது தானாக ஒரு பட்டியில் முளைப்பதில்லை, ஒரு ஆட்டின் காலில் ஏறித்தான் வருகிறது. சுமந்து வரும் ஆடு நொண்ட வேண்டும் என்ற அவசியமும் இல்லை. காய்ந்த காலத்தில் குளம்பின் ஒரு மடிப்புக்குள் அடங்கிக் கிடந்து, ஈரம் வந்ததும் பரவும். குளிர் நாடுகளில் இது பரவ வெப்பமும் ஈரமும் சேர்ந்து அமைய வேண்டும். நம் ஊரில் வெப்பத்துக்கு ஆண்டு முழுக்கக் குறைவில்லை, ஈரம்தான் மிச்சம். அதை ஐப்பசியும் கார்த்திகையும் கொண்டுவந்து கொடுத்துவிடுகின்றன.

நொண்டுவதெல்லாம் குளம்பு அழுகலும் இல்லை. ஒரே நாளில் பல ஆடுகள் நொண்டி, காய்ச்சல் அடித்து, வாயில் கொப்புளமோ எச்சில் ஒழுகலோ இருந்தால் கோமாரி என்று சந்தேகப்பட்டு உடனே கால்நடை மருத்துவருக்குச் சொல்ல வேண்டும். ஆடுகளுக்குக் கோமாரி மாடுகளைவிட லேசாகத்தான் தெரியும், வாய்ப்புண் கண்ணில் படாமலே போகலாம். ஒரே ஒரு கால், ஒரே ஒரு குளம்பு, தொட்டால் சூடு என்றால் சீமைக்கருவேல முள்ளைத் தேடுங்கள். முள் முனை ஒடிந்து உள்ளேயே இருக்கும், மேலே ஒரு கரும்புள்ளிதான் தெரியும். எல்லாக் குளம்பும் சூடாக இருந்து, ஆடு நடக்கவே மறுத்து, முதல் நாள் அரிசியையோ மக்காச்சோளத்தையோ மூட்டையில் வாய்வைத்து அளவில்லாமல் தின்றிருந்தால் அது வயிற்றில் அமிலம் ஏறியதால் வரும் குளம்பு அழற்சி. அதற்குக் காலில் வைத்தியம் பார்த்துப் பயனில்லை, உடனே மருத்துவர் வேண்டும்.

இனி கத்தி விஷயம். அழுகின குளம்பு என்றால் அழுகினதையெல்லாம் ரத்தம் வருகிற வரை வெட்டி எறிந்து மயில்துத்தத்தை (காப்பர் சல்பேட்) கொட்டு என்பதுதான் ஊர் வழக்கம். குளம்பு வெட்டத் தெரிந்தவர் என்று ஒருவரைக் கூட்டிவந்தோம், அதிகமாக நொண்டிய ஆடுகளுக்கு அவர் அப்படித்தான் செய்தார். கடைசியாகத் தேறியவை அந்த ஆடுகள்தான். ஒரு பெட்டைக்கு வெட்டிய இடத்தில் ஈ மொய்த்துப் புழு வைத்துவிட்டது. அது வலியில் பல்லைக் கடிக்கும் சத்தம் பரணுக்கு வெளியே கேட்டது. இன்னும் அந்தச் சத்தத்தை நினைத்தால் மனசு கலங்குகிறது. இங்கிலாந்தில் செம்மறி ஆடுகளை வைத்து நடத்திய கள ஆய்வுகளிலும் இதுவே தெரியவந்தது. குளம்பைச் சீவாமல் உடனே ஊசி போட்ட ஆடுகள் சீக்கிரம் தேறின, அந்த நேரத்திலேயே சீவப்பட்டவை தேறத் தாமதமானது. காரணம் விளங்காத விஷயமில்லை. வீங்கி வலியெடுத்த குளம்பில் உயிர்ச்சதையைத் திறந்துவிட்டால் அந்தச் சதை கொம்பை மீறிப் புடைத்து வளர்ந்து நிரந்தர நொண்டலாகிவிடும். வெட்டுகிற கத்தியே அடுத்த ஆட்டுக்கு நோயைக் கொண்டுபோய்ச் சேர்க்கும். ஆகவே நோய் இருக்கும்போது செய்ய வேண்டியது கழுவுவது, ஊசி, உலர்ந்த தரை. தொங்கிக்கொண்டிருக்கும் துணுக்கை மட்டும் எடுக்கலாம். சீவலெல்லாம் நொண்டல் நின்ற பிறகு.

ஊசி என்பது பெரும்பாலும் நீண்ட நேரம் வேலை செய்யும் ஆக்சிடெட்ராசைக்ளின். மருத்துவர்கள் கிலோவுக்கு 20 மில்லிகிராம் என்று கணக்கிடுவார்கள். ஒரு மில்லியில் 200 மில்லிகிராம் உள்ள மருந்தென்றால் 10 கிலோ எடைக்கு 1 மில்லி. கண்மதிப்பில் எடை சொல்லாதீர்கள், தராசில் தொங்கவிட்டுப் பாருங்கள். 35 கிலோ ஆட்டை 25 என்று சொல்லிக் குறைவாகப் போட்டால் அரைகுறையாக ஆறித் திரும்ப வரும். ஊசியோடு வலி குறைக்கும் மருந்தையும் கேட்டு வாங்குங்கள், வலி குறைந்தால்தான் ஆடு எழுந்து போய்த் தின்னும். பால் கறக்கிற ஆடாக இருந்தால் எத்தனை நாள் பாலை ஒதுக்க வேண்டும், கறிக்கு விற்பதானால் எத்தனை நாள் கழித்து என்பதையும் அப்போதே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். மருந்துக்கடையில் நேராக வாங்கி நாமே குத்துவதைவிட அரசு கால்நடை மருந்தகத்தில் காட்டிவிடுவது நல்லது. ஆட்டை ஏற்றிப் போக வழியில்லாவிட்டால் 1962 என்ற எண்ணுக்கு அழைத்து நடமாடும் மருத்துவ வாகனத்தைக் கேட்கலாம். ஊசி போட்ட ஆட்டை அடுத்த ஒரு நாளாவது சொட்டு ஈரமில்லாத தரையில் நிறுத்துங்கள். ஊசியைப் போட்டுவிட்டுத் திரும்பச் சேற்றில் விட்டால் காசுதான் கரையும்.

அடுத்தது குளம்புத் தொட்டி, ஆட்டின் கால்களை மருந்துக் கரைசலில் நனைக்கிற தொட்டி. ஒரு ஆடு நொண்டினாலும் மொத்தப் பட்டிக்கும் இது வேண்டும். நாங்கள் மயில்துத்தத்தை விட்டுவிட்டு ஜிங்க் சல்பேட்டுக்கு மாறிவிட்டோம். நெல்லுக்குப் போடுகிறோமே, உரக்கடையில் கிடைக்கும் அதே நுண்ணூட்டம்தான். 10 லிட்டர் தண்ணீருக்கு 1 கிலோ. முதலில் ஒரு வாளி வெதுவெதுப்பான தண்ணீரில் நன்றாகக் கரைத்துவிட்டுப் பிறகு தொட்டியில் ஊற்றுங்கள், அடியில் கட்டியாகத் தங்கினால் அளவு கெட்டுவிடும். பாத்திரம் கழுவும் திரவம் கொஞ்சம் சேர்த்தால் கரைசல் இடுக்குகளில் இறங்கும். குளம்பு முழுவதும் மூழ்கி, முடி தொடங்கும் இடம் வரை நனைகிற ஆழம் வேண்டும். சிமெண்ட் குழைக்கிற பிளாஸ்டிக் தொட்டியே போதும். அதை ஒரு ஒடுக்கமான வழியில் வைத்து, இரண்டு பக்கமும் மூங்கில் கட்டி, உள்ளே ஒரு கைப்பிடி வைக்கோல் போட்டால் ஆடு துள்ளாது, கரைசலும் சிந்தாது. நோயுள்ள ஆடு 15 முதல் 30 நிமிடம் நிற்க வேண்டும். மற்றவற்றுக்குத் தடுப்பாகச் சில நிமிடம் போதும். தொட்டிக்கு விடுவதற்கு முன் எல்லா ஆட்டுக்கும் வயிறு நிறையத் தண்ணீர் காட்டிவிடுங்கள், தாகத்தோடு விட்டால் அதிலேயே வாயை வைக்கும். சேற்றுக் காலோடு இறக்கினால் சேறுதான் மருந்தைக் குடிக்கும். அதனால் முன்னால் ஒரு தொட்டி வெறும் தண்ணீர், அதில் கழுவிவிட்டு இதில். வெளியே வந்ததும் ஒரு மணி நேரம் உலர்ந்த இடத்தில் நின்றால்தான் மருந்து குளம்பில் ஊறும்.

மயில்துத்தம் வேலை செய்யாது என்று சொல்லவில்லை, 5 சதவீதக் கரைசல் நன்றாகவே வேலை செய்யும். ஆனால் குடித்தால் தாமிர நஞ்சு. வெள்ளாடு ஓரளவு தாங்கும், செம்மறி தாங்காது. இரண்டும் கலந்து வளர்க்கிறவர்கள் அதன் பக்கமே போக வேண்டாம். ஃபார்மலின் புண்ணுள்ள காலுக்குத் தாங்க முடியாத எரிச்சல், நம் கண்ணுக்கும் மூச்சுக்கும் கெடுதல். மீந்த கரைசல் எதுவானாலும் கிணறு, வாய்க்கால், தீவனப்பயிர் ஆகியவற்றிலிருந்து தள்ளிக் கொட்டுங்கள்.

புழு வைத்த குளம்புக்குத் தனிக் கவனம். டர்பென்டைன் நனைத்த பஞ்சைச் சற்று நேரம் வைத்தால் புழு வெளியே வரும், இடுக்கியால் ஒன்றுவிடாமல் எடுத்துவிட்டு ஈ விரட்டும் மருந்தை அடிக்க வேண்டும். மறுநாளும் அதற்கு மறுநாளும் திறந்து பார்க்க வேண்டும், உள்ளே முட்டை மிச்சமிருக்கும். ஆழமான புண்ணாக இருந்தால் டெட்டனஸ் ஊசி பற்றி மருத்துவரிடம் கேளுங்கள், ஆட்டுக்கு அது எளிதாக வரும்.

தரை காயாமல் இதில் எதுவும் நிலைக்காது. தீவனத் தொட்டியைச் சுற்றியும் பரணில் ஏறும் வழியிலும்தான் சேறு மிதிபடும். அந்த இரண்டு இடத்திலும் ஜல்லியும் கிராவலும் கொட்டி உயர்த்தி, கூரைத் தண்ணீருக்கு வாய்க்கால் வெட்டிவிட்ட பிறகுதான் புதிதாக நொண்டுவது நின்றது. பரணுக்குக் கீழே சேரும் புழுக்கையை மழைக்காலத்தில் தள்ளிப்போடாமல் வாருங்கள். நோயுள்ளவற்றைத் தனியே கட்டி, அவை மேய்ந்த நிலத்தில் இரண்டு வாரம் எதையும் விடாமல் இருந்தால் அந்த நிலம் சுத்தமாகிவிடும்.

நொண்டல் நின்றாயிற்று, இனிச் சீவலாம். உண்மையில் இந்த வேலையை ஒழுங்காகச் செய்து வந்தால் முன்சொன்னதில் பாதி நேராது. குளம்பு மாதத்துக்கு 3 முதல் 5 மில்லிமீட்டர் வரை வளரும். கரட்டில், பாறையில் மேய்கிற கொடி, கன்னி போன்ற நாட்டு இன ஆடுகளுக்கு நடையிலேயே தேய்ந்துவிடுகிறது. மரப்பலகைப் பரணில் நின்றபடி தின்கிற ஆட்டுக்குத் தேய வழியில்லை. வெளிச்சுவர் வளர்ந்து உள்பக்கமாக மடங்கி உள்ளங்குளம்பை மூடிக்கொள்ளும், அந்த மடிப்புக்குள் சாணமும் ஈரமும் அடைந்து காற்றுப் புகாத இடம் உண்டாகும். காற்றில்லாத இடத்தில்தான் இந்தக் கிருமிகள் வளரும். பரண் ஆடுகளுக்கு ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை சீவல், மேய்ச்சல் ஆடுகளுக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்வை. புரட்டாசியில் ஒரு சீவலை மட்டும் எக்காரணத்துக்காகவும் தள்ளிப்போடாதீர்கள், மழைக்கு முன் மடிப்பே இருக்கக் கூடாது.

கருவிகள் அதிகம் வேண்டாம். செடிகளைக் கவாத்து செய்கிற நல்ல கத்தரி, முனை கூர்மையாக, ஆட்டுக்கு மட்டும் என்று ஒதுக்கியது. ஒரு சின்ன வளைகத்தி, ஒரு அரம், கம்பித் தூரிகை, கையுறை, ஒரு குவளையில் கிருமிநாசினி. மொத்தமே ஆயிரம் ரூபாய்க்குள் அடங்கும். மழுங்கின கத்தரி கொம்பை நசுக்கும், ஆடு உதைக்கும், கை வழுக்கும். விபத்தெல்லாம் மழுங்கின கருவியில்தான். கோடையில் கொம்பு கல்லாக இறுகியிருக்கும். ஈரச் சாக்கில் கால்மணி நேரம் நிறுத்திவிட்டுத் தொடங்கினால் இதமாக வெட்டும்.

ஆட்டைக் கயிறு குட்டையாகக் கம்பத்தில் கட்டி, முன்னால் ஒரு கொத்து அகத்தியோ வேலிமசாலோ தொங்கவிடுங்கள். பக்கவாட்டைச் சுவரோடு அணைத்து, நாம் அதன் வாலைப் பார்த்தபடி நிற்க வேண்டும். முன்னங்காலை முட்டியில் பின்பக்கமாக மடக்குங்கள், பின்னங்காலை நேராகப் பின்னுக்கு எடுங்கள். வெளிப்பக்கமாக இழுத்தால் இடுப்பு வலித்துத்தான் உதைக்கும், அடங்காத ஆடு என்று அதைத் திட்டுவதில் நியாயமில்லை. நிறைசினை ஆட்டைப் புரட்டவோ மல்லுக்கட்டவோ கூடாது. கடைசி மாதத்துக்கு முன்பே முடித்துவிடுங்கள்.

காலைப் பிடித்ததும் முதலில் சுத்தம். கத்தரி முனையால் மடிப்புக்குள் இருக்கும் சாணத்தை நோண்டி எடுத்து, தூரிகையால் தேய்த்தால்தான் எது கொம்பு, எது உள்ளங்குளம்பு என்று தெரியும். பிறகு மடங்கிய வெளிச்சுவரைக் குதிகாலிலிருந்து நுனியை நோக்கி, உள்ளங்குளம்பின் மட்டத்துக்கு வெட்டுங்கள். உள்பக்கச் சுவரும் அப்படியே. நீண்ட நுனியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கழியுங்கள். உள்ளங்குளம்பை முற்றின தேங்காய்ப் பருப்பைச் சீவுவது போல மெல்லிய சீவலாக எடுக்க வேண்டும். முதல் சீவல் அழுக்கு நிறமாக வரும், அடுத்தது மெழுகு வெள்ளை. வெள்ளைக்குள் இளஞ்சிவப்பு லேசாகத் தெரிந்த இடத்தில் நிறுத்துங்கள். அடுத்த சீவலில் ரத்தம். குதிகால் மெத்தை உயர்ந்து நின்றால் மட்டும் லேசாகத் தட்டைப்படுத்துங்கள். இரண்டு குளம்பும் ஒரே உயரமா, அடிப்பரப்பு முடி தொடங்கும் கோட்டுக்கு இணையா என்று பார்த்து அரத்தால் இரண்டு இழுப்பு. சரியான வடிவம் எப்படியிருக்கும் என்று சந்தேகமா, பட்டியில் ஒரு மாதக் குட்டியின் காலைத் தூக்கிப் பாருங்கள்.

செருப்பு நுனி மாதிரி வளைந்துபோன குளம்பை ஒரே நாளில் நேராக்க முயலாதீர்கள். கொம்பு வளர வளர உள்ளே உயிர்ச்சதையும் நுனிப் பக்கம் நீண்டிருக்கும். இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை கொஞ்சமாகக் குறைத்து வந்தால் சதையும் பின்வாங்கும். ரத்தம் வந்துவிட்டால் பதற்றம் வேண்டாம். சுத்தத் துணியால் சில நிமிடம் அழுத்திப் பிடித்துப் படிகாரத்தூள் வைத்து, அன்று முழுக்க உலர்ந்த தரையில் கட்டினால் போதும். வரிசையும் முக்கியம். நல்ல ஆடுகள் முதலில், முன்பு நோய் கண்டவை கடைசியில், ஒவ்வொரு ஆட்டுக்கும் நடுவே கத்தரியைக் கிருமிநாசினியில் முக்குவது. வெட்டிய துண்டுகளை ஒரு சாக்கின் மேல் விழவைத்துக் கூட்டி எரித்துவிடுங்கள். இரண்டு சீவலுக்கு நடுவில் தேய்மானம் வேண்டுமென்றால் முற்றத்தில் சொரசொரப்பான கருங்கல் துண்டுகளைக் குவித்து வையுங்கள். ஆடு உயரத்தைக் கண்டால் ஏறாமல் இருக்காது, அதன் பாட்டுக்குத் தேய்த்துக்கொள்ளும்.

காசுக் கணக்கு பார்த்தால் ஊசி, மருந்து, வண்டி வாடகை எல்லாம் சேர்ந்து ஏழாயிரத்துக்குக் கிட்டே போனது. பெரிய நஷ்டம் அதில் இல்லை. மண்டியிட்டுத் தின்ற ஆடுகள் இளைத்ததில் எடை போனது. தாய் ஆடுகளுக்குப் பால் வற்றிக் குட்டிகள் வளராமல் நின்றன. தீபாவளிக்கு விற்க வைத்திருந்த கிடாக்கள் நொண்டியதைப் பார்த்ததும் வியாபாரிகள் விலையைப் பாதிக்குப் பக்கத்தில் இறக்கினார்கள். மருந்துக் கடனுக்கும் தீவனத்துக்கும் காசு வேண்டியிருந்ததால் அந்த விலைக்குக் கொடுக்க வேண்டியதாயிற்று. அன்றைக்கு வந்த ஆற்றாமை மிகப் பெரிது. திரும்பத் திரும்ப நொண்டிய ஓர் ஆட்டை, வளர்த்த பாசத்தை ஒதுக்கிவிட்டு, மருந்துக்கான நாட்கள் கழிந்த பின் கறிக்கு அனுப்பினோம். ஆறாத ஆடு பட்டியில் இருக்கும் வரை அடுத்த மழைக்கும் நோய் அங்கேயே காத்திருக்கும்.

இப்போது வெளியிலிருந்து எந்த ஆடு வந்தாலும் வாங்கும் இடத்திலேயே நான்கு காலையும் தூக்கி, இடுக்கை விரித்து, முகர்ந்து பார்க்கிறோம். விற்பவர் முகம் சுளித்தாலும் விடுவதில்லை. பட்டிக்கு வந்ததும் மடிப்புகளைச் சீவித் திறந்து, ஜிங்க் சல்பேட்டில் நிறுத்தி, ஒரு மாதம் தனிக்கொட்டிலில் கட்டுகிறோம். வாரம் ஒருமுறை கால் பார்க்கிறோம். அந்தக் கொட்டிலுக்கு வேறு செருப்பு, வேறு துடைப்பம், தீவனம் போடுவதும் கடைசியில்தான்.